சிவப்புச் சீமெந்தின் மேல் லமினேற் தரை: எங்கள் வீட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டின் நிலம் முழுவதும், ஐயா வீடு கட்டிய காலத்தில் போட்ட சிவப்புச் சீமெந்தாகவே இருந்தது. காலம் செல்லச் செல்ல அதில் வெடிப்புகள் ஓடின. அம்மாவின் அறையில் மேற்பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்து, காலில் குத்தும் அளவுக்கு வந்துவிட்டது. அதை உடைத்து ரைல்ஸ் பதிப்பதென்றால் வேலை முடியும்வரை அம்மாவை வேறு வீட்டில் தங்க வைக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய அவரோ தன் அறையை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்க உடன்படவில்லை. பழைய நிலத்தை உடைக்காமல், அதன் மேலேயே விரித்து, ஓர் அறையை அதிக தூசியின்றி முடிக்கக்கூடிய தரை என்ற காரணத்தினாலேயே லமினேற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம்.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கை தன் வீட்டில் இதனைப் போட்டு நெடுங்காலமாகப் பாவித்து வருகிறாள். அவள் தந்த ஆலோசனைகள் பயனுள்ளவைதான். எனினும் அவற்றை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, பலகைகள் சுருங்கி, இணைப்புகளில் நீக்கல் விழுவதே முதற்கவலை. இங்கே கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிலத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஏறும் ஈரத்தினால் பலகை விரிந்து எழும்புவதே முதற்கவலை. யாழ்ப்பாணத்தில் லமினேற் தரை நிலைக்குமா இல்லையா என்பதைப் பலகையின் விலையோ அதன் நாட்டின் பெயரோ தீர்மானிப்பதில்லை; பலகைக்குக் கீழே இருக்கும் சீமெந்தும், அதைப் போடும் பருவமும், சுவரோரம் விடும் இடைவெளியுமே தீர்மானிக்கின்றன என்பது இப்போது எனக்குத் திடமான கருத்து.

இந்தப் பலகை எதனால் ஆனது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். பார்வைக்கு மரம் போலத் தோன்றினாலும் மேலே தெரிவது மரமன்று. மரத்தின் படம் அச்சிடப்பட்ட காகிதம். அதற்கு மேலே மெலமைன் பிசினும் அலுமினியம் ஒட்சைட்டுத் துகள்களும் சேர்ந்த ஒளி ஊடுருவும் படை ஒன்று உண்டு. தேய்மானத்தைத் தாங்குவது அதுவே. நடுவில் இருப்பது மரநாரைப் பிசினுடன் சேர்த்து உயர் அழுத்தத்தில் இறுக்கிய அடர்பலகை. கடைகளில் இதை எச்.டி.எஃப். என்பார்கள். அடியில், பலகை வளையாமலிருக்க ஒரு சமநிலைப் படை ஒட்டப்பட்டிருக்கும். சுவீடனில் பேர்ஸ்தோர்ப் நிறுவனம் 1977 இல் இந்தத் தரையை உருவாக்கியபோது பலகைகளைப் பசை பூசியே ஒட்டினார்கள். பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டும் முறை 1990 களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. மேற்படை தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் பூட்டு இருக்கும் நான்கு விளிம்புகளிலும் அடர்பலகை திறந்தே கிடக்கிறது; அங்கே தண்ணீர் நின்றால் மரநார் ஊதும். ஐரோப்பியத் தரநிலைப்படி 24 மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்திச் சோதிக்கும்போது, 18 சதவீதம் வரை தடிப்பில் ஊதுவதைப் பல தரப்பத்திரங்கள் அனுமதிக்கின்றன. 8 மி.மீ. பலகைக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். அந்த அளவு ஊதினால் விளிம்பு காலில் தட்டுப்படும். ஊதிய நார், காய்ந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது.

தேய்மானத் தரத்தை ஏ.சி. 1 முதல் 5 வரை எண்ணிட்டுப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். 6 என்று குறித்த பலகைகளும் இப்போது உண்டு. வீட்டின் படுக்கையறைக்கு ஏ.சி. 3 போதுமானது. வாசலிலிருந்து மணல் நேரே வரும் முன்னறைக்கு ஏ.சி. 4 எடுப்பது நல்லது. இந்த எண் மேற்பரப்பின் தேய்மானத்தை மட்டுமே குறிக்கிறது என்பதையும், ஈரத்தைத் தாங்கும் தன்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் வாங்குபவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எண் உயர்ந்தால் எல்லாமே உயர்ந்துவிடும் என்று கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது சரியன்று. பலகையின் பிசினிலிருந்து ஃபோமல்டிஹைட்டு வாயு வெளியேறுவது குறைவு என்பதைக் காட்டும் ஈ 1 என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். யன்னலைப் பூட்டிக்கொண்டு குளிரூட்டி போட்டுப் படுப்பவர்களுக்கு அது முக்கியம்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய வீடுகளில் நிலத்தின் கீழ்ப் பொலித்தீன் விரிக்கும் வழக்கம் இருக்கவில்லை. மண்ணை நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, கொங்கிறீற் போட்டு, அதன் மேல் சீமெந்தை மினுக்கினார்கள். குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைப் பருவத்திலேயே பெய்கிறது; அக்காலத்தில் சுண்ணக்கல்லின் ஊடாக நிலத்தடி நீர் உயர்ந்து, கிணற்று நீர் மேலே வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ஈரம் வீட்டு நிலத்துக்குள்ளும் ஏறுகிறது. சீமெந்து திறந்திருக்கும்போது அது காற்றோடு போய்விடுவதால் எமக்குத் தெரிவதில்லை. சுவரின் அடியில் உப்புப் பூத்து வெள்ளை உதிர்வதை மட்டும் காண்கிறோம். பலகையை மேலே விரித்துவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை.

இதைச் சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தடித்த, நிறமற்ற பொலித்தீனை ஒரு மீற்றர் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் நிலத்தில் ஒட்டி, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுவிட வேண்டும். பிறகு எடுக்கும்போது பொலித்தீனின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, மூடியிருந்த இடத்துச் சீமெந்து சுற்றியுள்ளதைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்பது உறுதி. மெழுகு போட்டு மினுக்கிய பழைய நிலத்தில் நாடா ஒட்டாது. ஒட்டும் விளிம்பைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பின்னரே ஒட்ட வேண்டும்.

இந்தச் சோதனையை எப்போது செய்வது என்பதுதான் இங்கு முக்கியமானது. ஆடி மாத வெயிலில் செய்தால் எந்த நிலமும் காய்ந்ததாகவே காட்டும். நாங்கள் மார்கழியில், தொடர்மழைக்குப் பின்னர், ஒவ்வோர் அறையிலும் நடுவில் ஒன்றும் வெளிச்சுவரோரம் ஒன்றுமாக ஒட்டிப் பார்த்தோம். அம்மாவின் அறையில் நடுப்பகுதி காய்ந்திருந்தது. வெளிச்சுவரோரம் சிறிது கறுத்திருந்தது. கிணற்றடிப் பக்கத்து அறையில் பொலித்தீனின் அடியில் துளிகள் திரண்டு நின்றன. அந்த அறையை அப்போதே கைவிட்டோம். வெளிச்சுவரோரத்து ஈரத்துக்குக் காரணம், கூரையிலிருந்து விழும் மழைநீர் அத்திவாரத்தோடு தேங்கி நின்றதே. பீலி பூட்டி, வளவின் சரிவைச் சுவரிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பிய பின்னர், அடுத்த பெருமழையில் அந்த இடமும் காய்ந்தே இருந்தது. ஈரத்தைப் பொலித்தீனால் மறைப்பதற்கு முன்னர் அது வரும் வழியை அடைப்பதே முறை. ஏறும் ஈரத்தைத் தடுக்காமல் நிலத்தை மட்டும் மூடினால், அது பக்கவாட்டில் போய்ச் சுவரின் அடியில் முன்னிலும் கூடுதலாக உப்பைக் கிளப்பும்.

சோதிப்பதற்கு மாரி பொருத்தமென்றால், போடுவதற்குக் கோடையே பொருத்தம். வைகாசி தொடங்கி ஆவணி வரையான காலத்தில் சீமெந்து நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் அக்காலத்தில் பலகையும் தன் வறண்ட நிலையில், அதாவது சிறிதே சுருங்கிய அளவில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. மழைக்காலம் வந்ததும் அது விரியும். அறையின் ஒவ்வொரு மீற்றருக்கும் பக்கத்துக்கு 1.5 மி.மீ. வீதம் இடைவெளி விடுவது வழக்கமான கணக்கு. பெட்டிகளில் பொதுவாக 8 முதல் 10 மி.மீ. வரை விடச் சொல்கிறார்கள். கோடையில் போட்டதால் நாங்கள் நான்கு பக்கமும் 12 மி.மீ. விட்டோம். அதை மறைக்கும் அளவுக்குத் தடித்த சுவரோரச் சட்டத்தை முன்கூட்டியே பார்த்து வாங்கினோம். மார்கழியில் ஒரு மூலையின் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பலகை சுவரை நோக்கி நகர்ந்து இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தது. இறுக்கமாகப் போட்டிருந்தால் அந்த விரிவு அறையின் நடுவிலேயே மேடாக எழும்பியிருக்கும். உறவினர் ஒருவரின் வீட்டில் அவ்வாறே நடந்தது. சுவரோடு முட்டி நின்ற வரிசையைக் கழற்றி, ஓரத்தை அரிந்துவிட்ட பின்னர்தான் மேடு இறங்கியது.

நிலத்தின் சமன் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. எங்கள் வீடுகளில் வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்காக, நிலத்தை வாசலை நோக்கிச் சிறிது சரித்தே போட்டிருப்பார்கள். அந்தச் சரிவு லமினேற்றுக்கு ஒரு குறையன்று. ஒரே சீராகச் சரிந்திருந்தால் பலகை அதனோடு சரிந்து படுத்துக்கொள்ளும். குறையாவது மேடும் பள்ளமுமே. ஆகவே ரசமட்டத்தை விட, 2 மீற்றர் நீளமான நேர்ச்சட்டம் ஒன்றே இங்கு அதிகம் உதவும். அதை நிலத்தில் எல்லாத் திசைகளிலும் வைத்துப் பார்த்து, அடியில் 3 மி.மீ. க்கு மேல் நீக்கல் தெரியும் இடங்களைச் சோக்கால் வட்டமிட்டு, மேட்டை அரைத்தும் பள்ளத்தை நிரப்பியும் சரிசெய்தோம். இதைச் செய்யாமல் விட்டால் பள்ளத்தின் மேல் நடக்கும் ஒவ்வொரு தடவையும் பலகை தாழ்ந்து உயரும். பூட்டு நாளடைவில் உடையும். நிரப்பிய புதுச் சாந்தும் காய வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலையாட்கள் நிற்கிறார்கள் என்பதற்காக இந்தக் காத்திருப்பைச் சுருக்குவது பெரும் நட்டத்தைத் தரும்.

கறையானைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் மரச்சாமானைப் பற்றி எழுத முடியாது. சீமெந்தின் வெடிப்புகள் வழியாகவும் சுவரும் நிலமும் சேரும் மூலைகள் வழியாகவும் கறையான் மேலே வரும். மேலே வந்தால், இருட்டும் ஈரமும் மரநாரும் ஒருசேரக் கிடைக்கும் இடம் இந்தத் தரையின் அடிப்பகுதி. மண்புற்றின் தடம் சுவரில் தெரிந்தால் அதைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது போதாது. சுவரோரமாக நிலத்தைத் துளையிட்டு மருந்து செலுத்துவிக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்வித்து, வெடிப்புகள் எல்லாவற்றையும் வெட்டி அகலமாக்கிச் சாந்தால் அடைத்த பின்னரே மேற்கொண்டு போனோம். சுவரோரச் சட்டத்துக்கு மரத்தூள் பலகையைத் தவிர்த்துப் பிளாஸ்ரிக் சட்டம் எடுத்தோம். அழகில் மரச்சட்டத்துக்கு அது ஈடாகாது என்றாலும், சுவர் உப்புப் பூக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது. வேண்டும்போது திருகாணியைக் கழற்றிக் கறையான் தடம் இருக்கிறதா என்று பார்க்கவும் முடிகிறது.

வேலைக்கு வந்தவர்கள் திறமையான மேசனாரும் தச்சரும். எனினும் நிலத்தோடும் சுவரோடும் பிணைக்காமல் விரித்துவிடும் இந்த ‘மிதக்கும் தரை’ இருவருடைய பழக்கத்துக்கும் மாறானது. நிலத்தோடு எதையும் இறுகப் பிணைப்பதே மேசன் தொழிலின் அடிப்படை. அசையாமல் ஆணி அடிப்பது தச்சுத் தொழிலின் அடிப்படை. சுவரோர இடைவெளியைப் பார்த்த மேசனார், “தம்பி, இதுக்குள்ள பூச்சி புழு போகும், சாந்து குழைச்சு அடைச்சு விடுவம்” என்றார். “அண்ணை, மாரிக்கு இந்தப் பலகை விரியும். நீங்கள் அடைச்சால் அது எங்க போறது?” என்று கேட்டபோது சிறிது யோசித்துவிட்டு, “அப்ப கதவு மாதிரி எண்டு சொல்லுங்கோ, மழைக்கு இறுகிற கதவு” என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் விளங்கப்படுத்தியிருக்க முடியாது. அதன் பின்னர் இடைவெளியைக் காப்பதில் அவரே எல்லோரிலும் கண்டிப்பாக இருந்தார். சட்டத்தைச் சுவரில் மட்டுமே பொருத்த வேண்டும், பலகையில் ஓர் ஆணியும் இறங்கக்கூடாது என்று தச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே. வேலை தொடங்குமுன் ஏன் என்பதை இருவருக்கும் ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள். காரணம் விளங்கிய தொழிலாளியை மேற்பார்வை செய்ய வேண்டியதில்லை.

போடும் முறையில் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே மட்டமாகப் படுக்க வைத்து, குறைந்தது 48 மணி நேரம் விட வேண்டும். தகரக்கூரைக் களஞ்சியத்திலிருந்து வந்த பெட்டியென்றால் இன்னும் கூடுதலாக விடுவது நல்லது. முதலில் 0.2 மி.மீ. தடிப்புள்ள பொலித்தீனை விரித்து, ஒன்றன் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறும்படி வைத்து நாடாவால் ஒட்டி, ஓரங்களைச் சுவரில் சிறிது ஏற்றிவிட வேண்டும். மிச்சத்தைச் சட்டம் பூட்டும்போது வெட்டிக்கொள்ளலாம். அதன் மேல் 2 அல்லது 3 மி.மீ. நுரைவிரிப்பு. மெத்தென்று இருக்கட்டும் என்று தடித்த விரிப்பைப் போடுபவர்கள் உண்டு. அது பள்ளத்தின் மேல் நடப்பது போன்ற அசைவைத் தந்து பூட்டைக் கெடுக்கும். யன்னல் வெளிச்சம் விழும் திசையிலேயே பலகையின் நீளத்தை வைத்தால் இணைப்புக் கோடுகள் கண்ணில் படா. தொடங்குமுன் அறையின் அகலத்தைப் பலகையின் அகலத்தால் வகுத்துப் பார்த்து, கடைசி வரிசை 5 செ.மீ. க்கும் குறைவாக வருமென்றால் முதல் வரிசையை அகலத்தில் அரிந்து சமப்படுத்திக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகளுக்கிடையே 30 செ.மீ. யேனும் இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து கலந்து எடுத்தால் நிறவேறுபாடு ஓரிடத்தில் திரளாது. கைவாளால் அரியும்போது முகம் மேலே, ஜிக்சோவால் அரியும்போது முகம் கீழே இருந்தால் விளிம்பு சிதறாது. பலகையின் விளிம்பில் நேரே சுத்தியலால் அடிக்கவே கூடாது. தட்டுக்கட்டை வைத்தே தட்ட வேண்டும்.

கதவுநிலைகள் எங்களுக்குச் சிரமம் தந்தன. கனடாவில் கதவுச் சட்டத்தின் அடியை அரிந்து பலகையை அதன் கீழ் நுழைத்துவிடுவார்கள். இங்கே பழைய நிலைகள் வைரம் பாய்ந்த மரம். அடி சீமெந்துக்குள் புதைந்து நிற்கும். அதை அரிவது மரத்துக்கும் கேடு, வாளுக்கும் கேடு. நிலையின் வடிவத்துக்கு மட்டை வெட்டி, அதன்படி பலகையை அரிந்து, இடைவெளியில் நுரைக்கயிறு திணித்து, மேலே அதே நிறச் சிலிக்கன் பூசி முடித்தோம். சிலிக்கன் இறுகிய பின்னும் நெகிழும் தன்மையுடையதால் விரிவைத் தடுப்பதில்லை. இரண்டு அறைகளுக்கிடையே தரையைத் தொடராமல், வாசலில் நிறுத்தி அலுமினியப் பட்டை வைத்தோம். பலகையும் விரிப்புமாகச் சேர்ந்து நிலம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்ததால் கதவுகளின் அடியைச் சீவ வேண்டியிருந்தது. அந்தச் சிறு உயரமே வயதானவர்களின் காலைத் தட்டிவிடும் என்பதால் சரிவான பட்டையையே தேர்ந்தெடுத்தோம்.

இனி அதனோடு வாழ்வதைப் பற்றி. வெளியே சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் எந்த யன்னல் வழியாகவும் உள்ளே வரும். மேற்படையில் உள்ள அலுமினியம் ஒட்சைட்டு மணலை விடக் கடினமானதுதான். ஆனால் அது பிசினுக்குள் தூவிய துகள்களாகவே இருப்பதால், காலடியில் அரைபடும் மணல் நாளடைவில் மினுக்கத்தைக் குறைக்கும். செருப்பை வாசலில் கழற்றும் நம் வழக்கம் இந்தத் தரைக்குப் பெரும் பாதுகாப்பு. அதற்குமேல் வாசலில் ஒரு கால்மிதியும், காலையும் மாலையும் மெல்லிய தும்புத்தடியால் கூட்டுவதுமே போதும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பாரமான சூட்கேஸ்களைச் சில்லில் உருட்டாமல் தூக்கி வைக்கச் சொல்கிறோம். சில்லில் ஒட்டிய கல் இழுக்கும் கீறலை எந்த மருந்தும் மறைக்காது. கட்டில், கதிரைக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டுகள் மலிவானவை. அவை தேய்ந்ததும் மாற்ற வேண்டும். பாரமான அலுமாரிகளை எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் தரை இருபுறமும் அமுக்கப்பட்டு விரிய முடியாமல் போகும். ஒரு பக்கமாகவே வைத்திருக்கிறோம்.

கழுவும் வழக்கம்தான் மிகவும் மாற வேண்டியது. வெள்ளிக்கிழமைகளிலும், பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் முன்னரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவாவிட்டால் துப்புரவாகவில்லை என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் ஆழமானது; அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் சாமி அறையையும் குசினியையும் விறாந்தையையும் தொடவேயில்லை. தண்ணீர் தெளிப்பதும், எண்ணெய் வழிவதும், மஞ்சள் சிந்துவதும் இயல்பாக நடக்கும் இடங்களில் இந்தத் தரை பொருந்தாது. லமினேற் போட்ட அறைகளைத் துணியை இறுகப் பிழிந்து துடைக்கிறோம். துடைத்த ஈரம் ஓரிரு நிமிடத்துக்குள் தானாகக் காய வேண்டும் என்பதே அளவு. சவர்க்காரம் படலமாகப் படிந்து கால்தடம் காட்டும். மெழுகு ஒட்டவே ஒட்டாது, வழுக்க மட்டும் செய்யும். சிந்திய தேநீரை உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. கவனிக்காமல் விடப்படும் ஈரமே ஆபத்தானது: குளிரூட்டியிலிருந்து சொட்டுவது, பூச்சாடியின் அடியில் ஊறுவது, சாரலுக்குத் திறந்து விட்ட யன்னல். மழைக்காலத்தில் வெளியே போகுமுன் யன்னல்களைப் பூட்டுவதை வீட்டில் எல்லோரும் பழக்கமாக்கிக்கொண்டோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சிவப்புச் சீமெந்தில் வெறும் மேலோடு படுத்தால் கிடைக்கும் குளிர்ச்சி இதில் இல்லை. சீமெந்து உடலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும். மரநாரும் நுரைவிரிப்பும் அதைத் தடுக்கும். குளிர்நாட்டில் நன்மையாகும் அதே தன்மை இங்கே குறையாகிறது. எங்கள் வீட்டில் வெக்கை நேரத்தில் எல்லோரும் பழையபடி விறாந்தைச் சீமெந்துக்கே பாயைக் கொண்டுபோகிறோம். மார்கழிக் காலையில் மட்டும் அம்மா, “கால் சில்லிடேல்லை மோனை” என்று சொல்வது உண்டு. நடக்கும் சத்தமும் சீமெந்தில் போல் அடங்கியிராது. மேலே சிறிது வெறுமையான ஒலி எழும். ஈரக்கால் பட்டால் வழுக்கும் என்பதால், குளியலறைக் கதவடியில் அடி வழுக்காத விரிப்பு எப்போதும் கிடக்க வேண்டும். சிறுநீரை அடக்க இயலாத முதியவர்களோ, கழிப்பறைக்குப் போகப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தைகளோ இருக்கும் அறைக்கு இதைப் போட வேண்டாம் என்றே நான் சொல்வேன். இணைப்புக்குள் இறங்கிய சிறுநீரின் மணத்தை எடுக்க வழியில்லை.

வெள்ளம் ஏறிய வரலாறு உள்ள வீடுகளுக்கும் அவ்வாறே. 2008 கார்த்திகையில் நிஷா புயலின் மழை குடாநாட்டின் தாழ்ந்த பகுதிகளை எப்படி மூழ்கடித்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டிலோ அதற்குப் பிந்திய எந்த மாரியிலோ உள்நிலத்தில் தண்ணீர் நின்ற வீட்டில் லமினேற் போட்டால், அடுத்த வெள்ளத்தில் அது முழுவதும் அகற்றப்பட வேண்டியதாகும். பொலித்தீனுக்கு மேலே அகப்பட்ட தண்ணீர் வெளியேற வழியே இராது. அத்தகைய வீடுகளுக்கு ரைல்ஸே நல்லது, அல்லது சீமெந்தைத் திருத்திக்கொள்வது.

மிச்சப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அறையின் பரப்போடு வெட்டுச் சேதாரத்துக்காகப் பத்துக்கு ஒன்று கூட்டி வாங்குவது வழக்கம். நாங்கள் அதற்கும் மேலாக ஒரு பெட்டி எடுத்து வைத்தோம். இறக்குமதிச் சாமானாகையால் அடுத்த கொள்கலனில் அதே வடிவம் வரும் என்ற உறுதி கிடையாது. வந்தாலும் பூட்டின் அமைப்பு மாறியிருக்கலாம். அந்தப் பெட்டியைக் கார்க் கொட்டகையில் சாத்தி வைக்காமல், கட்டிலின் கீழ் மட்டமாகப் படுக்க வைத்திருக்கிறோம். சுவரோரத்துப் பலகை பழுதானால் சட்டத்தைக் கழற்றி அதுவரை பிரித்து மாற்றலாம். நடு அறையில் பழுதானால், பாரமான சாமான்களை நகர்த்தி, அருகில் உள்ள சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். கழற்றும்போது பலகைகளின் அடியில் பென்சிலால் இலக்கமிட்டால் திரும்பப் பூட்டுவது எளிது.

கிணற்றடிப் பக்கத்து அறைக்கு இப்போது எஸ்.பி.சி. பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது சுண்ணக்கல் தூளும் பி.வி.சி. யும் கலந்து செய்யப்படுவது. மரநார் இல்லாததால் தண்ணீரில் ஊதாது, கறையானுக்கும் அதில் உணவில்லை. பூட்டும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அது மெல்லியதாகையால் நிலத்தின் மேடுபள்ளத்தை இன்னும் எளிதாக வெளிக்காட்டும். நேரடி வெயில் படும் யன்னலடியில் சூட்டினால் விரியும் என்பதால் சுவரோர இடைவெளியும் வேண்டும். கீழே ஈரம் நின்றால் பலகை கெடாவிட்டாலும் பூஞ்சணம் பிடித்து மணக்கும். ஆகவே அந்த அறையின் வெளிப்புறச் சுவரடியை முதலில் திருத்தி, வரும் மார்கழியில் மறுபடியும் பொலித்தீன் ஒட்டிப் பார்த்து, துளிகள் நின்றுவிட்டால் வைகாசியில் போடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். நிற்காவிட்டால் அந்த அறை சீமெந்தாகவே இருக்கும்.